பனிமலையும் தேக்காவும்

சுவிட்சர்லாந்து என்றவுடன் நம்மில் பலருக்குத் திரைப்படப் பாடல்கள்தாம் நினைவுக்கு வரும். பச்சைப் புல்வெளி, பின்னால் பனி மூடிய மலை, அந்தக் குளிரில் மெல்லிய சேலையோடு ஆடும் கதாநாயகி! அதற்கடுத்துக் கடிகாரம், சாக்லெட், வங்கி. சிங்கப்பூரர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கலாம். 1980களில் இந்நாட்டுத் தலைவர்கள் மக்கள் முன் வைத்த பொருளாதார இலக்கு 'சுவிஸ் வாழ்க்கைத் தரம்' என்பதாகும்.

இவ்விரு நாடுகளுக்கும் இடையே அதிகம் பேசப்படாத ஓர் ஒற்றுமை உண்டு. அது மொழி பற்றியது. 2024 ஜூன் விடுமுறையில் அம்மாவுடன் மூன்று வாரம் அங்கே உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். மலைகளைப் பார்க்கத்தான் போனேன். ஆசை தீரப் பார்த்தும் விட்டேன். ஆனால், திரும்பி வந்த பிறகு மலைகளைவிட அங்கே காதில் விழுந்த மொழிகளே மனத்தில் நிற்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் படிக்கும் தமிழ் மாணவர்களாகிய நம்மைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்தது ஜொகூரின் குளுவாங்கில். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது சிங்கப்பூரில் மூன்றாம் ஆண்டு. அம்மம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்து, திருமணமாகி மலாயா வந்தவர். அவருடைய தங்கையின் மகன்தான் சுவிட்சர்லாந்தில் இருக்கும் மாமா. ஒரே வீட்டில் பிறந்த இரு சகோதரிகளின் பிள்ளைகளில் ஒரு கிளை வெப்பமண்டலத்துக்கு வந்தது, மற்றொரு கிளை பனிமலைக்குப் போனது.

இரு நாடுகள், நான்கு மொழிகள்

சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகள் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு. சுவிட்சர்லாந்தின் தேசிய மொழிகளும் நான்குதாம். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மூன்றையும் நாம் அறிவோம். நான்காவது மொழியின் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அது ரொமான்ஷ். லத்தீனிலிருந்து கிளைத்து, ஆல்ப்ஸ் மலையின் கிழக்குப் பள்ளத்தாக்குகளில் தங்கிவிட்ட பழைய மொழி. ஏறத்தாழ 90 இலட்சம் பேர் வாழும் நாட்டில் அதை முதன்மை மொழியாகக் கொண்டோர் சுமார் 40,000 பேர், அதாவது அரை விழுக்காடு.

அந்த அரை விழுக்காட்டுக்குக் கிடைத்துள்ள மரியாதையைப் பாருங்கள். 1938 பிப்ரவரி 20ஆம் தேதி நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்தி, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆதரித்து, ரொமான்ஷைத் தேசிய மொழியாக ஏற்றுக்கொண்டார்கள். சுவிஸ் பணத்தாளைக் கையில் எடுத்தால் மற்ற மூன்று மொழிகளோடு ரொமான்ஷும் அச்சாகியிருக்கிறது. நம் சிங்கப்பூர் வெள்ளியில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் அச்சிடப்பட்டிருப்பது போலத்தான்.

தமிழின் நிலை இங்கே எப்படி? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. 2010இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. பணத்தாளில் எழுத்து அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் பேச்சுதான் குறைந்திருக்கிறது.

ஆக, ஆல்ப்ஸ் மலைக்குப் போகும் சிங்கப்பூர்த் தமிழ் மாணவர் அங்கே இரண்டு சிறுபான்மை மொழிகளைப் பார்க்கலாம். ஒன்று, எல்லா உரிமையும் உள்ள ரொமான்ஷ். மற்றொன்று, எந்த உரிமையும் இல்லாத தமிழ். இலங்கையிலிருந்து சென்று அங்கே வாழும் தமிழர் 50,000 அளவில் இருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அதாவது, அந்நாட்டின் தேசிய மொழிகளில் ஒன்றைப் பேசுவோருக்குக் குறையாத எண்ணிக்கையில் தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள்! ஆனால், தமிழ் அங்கே பணத்தாளிலும் இல்லை, பெயர்ப்பலகையிலும் இல்லை.

அரோசாவில் ஒரு வாங்கு

மாமா குடும்பம் இருப்பது கூர் என்ற நகரில். கிராபுண்டன் மாநிலத்தின் தலைநகரம். மாநிலத் தலைநகரம் என்றதும் பெரிய ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் 40,000 பேர் வாழும் இடம். நம் ஊர் கணக்கில் ஒரு வீடமைப்புப் பேட்டை அளவுதான். ரயில் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் தெருக்கோடியில் ஒரு மலை நிற்கிறது.

இப்படிப்பட்ட ஊருக்கு யாழ்ப்பாணத்துக்காரர் எப்படி வந்தார்? 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் சுவிட்சர்லாந்தில் தஞ்சம் கேட்டனர். அந்நாட்டு அரசாங்கம் அகதிகளை ஒரே ஊரில் குவிக்காமல், மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பியது. அதனால் சூரிச், பேர்ண் போன்ற பெருநகரங்களில் மட்டுமன்றி, மலை நடுவே உள்ள சிற்றூர்களிலும் தமிழர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்குக் கிடைத்த முதல் வேலை உணவகங்களின் சமையற்கட்டில்தான். 1989இல் 23 வயதில் வந்த மாமாவுக்குக் கிடைத்ததும் அதுவே. அரோசாவில் உள்ள ஒரு விடுதியில் தட்டுக் கழுவும் வேலை.

அந்த அரோசாவுக்கு மாமா எங்களை அழைத்துச் சென்றார். கூரிலிருந்து 26 கிலோமீட்டர், ஒரு மணி நேர ரயில் பயணம். முதலில் அந்தச் சிவப்பு ரயில் நகரத் தெருவிலேயே கார்களோடு சேர்ந்து ஊர்ந்து போகிறது. பிறகு ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது. லாங்வீஸ் என்ற இடத்தில் 1914இல் கட்டப்பட்ட கான்கிரீட் பாலம் ஒன்று இருக்கிறது. உயரம் 62 மீட்டர். கீழே பார்த்தால் வயிறு கலங்கும். மேலே அரோசாவில் ஏரி, ஊசியிலைக் காடு, கழுத்தில் மணி கட்டிய மாடுகள். ஜூன் மாதத்திலும் உச்சிகளில் பனி இருந்தது.

மாமா எதையும் ரசிக்கச் சொல்லவில்லை. நேராக ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த ஒரு வாங்கைக் காட்டினார். வாங்கு என்றால் யாழ்ப்பாணத்துத் தமிழில் பெஞ்சு.

"கிழமையில ஒரு நாள்தான் லீவு. பக்கத்து ஹோட்டலிலயும் ஒரு தமிழ்ப் பெடியன் வேலை செய்தவன். ரெண்டு பேரும் இதிலதான் இருந்து கதைப்பம். இஞ்ச மலை இருக்கு, மாடு இருக்கு, பால் இருக்கு. கதைக்கத்தான் ஆளில்லை."

"என்ன மாமா பேசுவீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தைக் கதைக்கிறது? சம்பளம் எவ்வளவு, ஊரால கடிதம் வந்ததோ, ஆர் ஆரைப் பிடிச்சவங்கள், விசா என்னாகும், கால் விறைக்குது, நல்ல சப்பாத்து எங்க மலிவு... இதுதான்."

சாதாரணமாகச் சொல்லப்பட்ட இந்தப் பதில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அந்த இரண்டு இளைஞர்களும் தமிழை வளர்க்க வேண்டும் என்று அங்கே உட்காரவில்லை. தமிழின் தொன்மையைப் பற்றியும் பேசவில்லை. நல்ல சப்பாத்து எங்கே மலிவு என்று தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்க அவர்களிடம் இருந்த மொழி தமிழ். அவ்வளவுதான்.

எட்டுக் கோடிப் பேரும் ஒரு பாட்டியும்

இன்னொரு நாள் மச்சாளோடு டிசென்டிஸ் என்ற ஊருக்குப் போனேன். மச்சாள் மாமாவின் மூத்த மகள். கூரில் மருத்துவமனைத் தாதியாக வேலை பார்க்கிறாள். ரயில் ரைன் ஆற்றின் பிளவு வழியே போகிறது. ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைப்பகுதி அப்படியே சரிந்து விழுந்து பள்ளத்தாக்கை அடைத்ததாம். அந்த இடிபாட்டை ஆறு அறுத்துக்கொண்டு போன வழி இது. இருபுறமும் வெள்ளைப் பாறைச் சுவர்கள், நடுவே பச்சை நிற நீர். அதைத் தாண்டினால் ரொமான்ஷ் பேசும் பள்ளத்தாக்கு. டிசென்டிஸ் நிலையப் பலகையில் ஜெர்மன் பெயரோடு 'முஸ்டேர்' என்ற ரொமான்ஷ் பெயரும் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் தொடங்கிய துறவி மடம் ஒன்று ஊருக்கு மேலே வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்த பாட்டி, நாங்கள் பேசுவது என்ன மொழி என்று மச்சாளிடம் ஜெர்மனில் கேட்டார். தமிழ் என்றாள். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று அடுத்த கேள்வி. உலகம் முழுவதும் ஏறத்தாழ எட்டுக் கோடிப் பேர் என்று மச்சாள் சொன்னதும் பாட்டி சிரித்துவிட்டார். "அப்படியானால் உங்களுக்கு என்ன கவலை?" என்றாராம்.

மச்சாள் அவருக்கு என்ன பதில் சொன்னாள் என்று பிறகு கேட்டேன். "எட்டுக் கோடிப் பேரும் என்ர வீட்டுச் சாப்பாட்டு மேசையில இல்லையே எண்டு சொன்னனான்" என்றாள்.

நண்பர்களே, இந்தப் பதிலை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும். நம் மேடைகளில் எட்டுக் கோடி என்ற எண் எத்தனை முறை ஒலிக்கிறது! தமிழ்நாட்டில் பேசுகிறார்கள், ஆகவே தமிழ் அழியாது என்கிறோம். தமிழ் அழியாதுதான். ஆனால், பொங்கோலில் ஒரு வீட்டில் அது நின்றுபோனால், சென்னையில் எத்தனை பேர் பேசினாலும் அந்த வீட்டுக்கு அது திரும்பி வராது.

ரொமான்ஷின் கதையும் அதைத்தான் சொல்கிறது. ஒரு காலத்தில் கூர் நகரமே ரொமான்ஷ் பேசிய ஊர். 1464இல் பெருந்தீயில் நகரம் எரிந்தபோது, அதைத் திரும்பக் கட்ட ஜெர்மன் பேசும் கைவினைஞர்கள் வந்தார்கள். காலப்போக்கில் நகரத்தின் மொழி மாறிவிட்டது. யாரும் தடை போடவில்லை. வேலை எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழி நின்றது. இன்றும் பள்ளத்தாக்குகளின் இளையர்கள் படிப்புக்கும் வேலைக்கும் கூருக்கும் சூரிச்சுக்கும் இறங்கிப் போகிறார்கள். பணத்தாளில் இருக்கும் எழுத்தால் அவர்களைத் தடுத்து நிறுத்த முடியவில்லை.

அப்படியிருந்தும் ரொமான்ஷ் இன்றுவரை பிழைத்திருப்பது எப்படி? 1919இல் தொடங்கிய லியா ருமான்ச்சா என்ற மொழி அமைப்பின் பணி ஒரு காரணம். பள்ளிகள் ஒரு காரணம். எனக்கு ஆக முக்கியமாகப் பட்டது வேறு. அந்த மொழியில் வானொலி இருக்கிறது, தொலைக்காட்சிச் செய்தி இருக்கிறது. அவை நாள் முழுதும் ரொமான்ஷின் பெருமையைப் பேசிக்கொண்டிருப்பதில்லை. நாளை மழையா, எந்தச் சரிவில் பனிச்சரிவு ஆபத்து, ஊராட்சி மன்றம் என்ன முடிவெடுத்தது, பனி ஹாக்கியில் யார் வென்றார்கள் என்று பேசுகின்றன. காலையில் மாட்டை எந்தப் பக்கம் ஓட்டுவது என்று முடிவெடுக்க ஒரு விவசாயிக்கு அந்த மொழி பயன்படுகிறது.

சனிக்கிழமை வகுப்பு

மச்சாள் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு எடுக்கிறாள். சம்பளம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. சுவிட்சர்லாந்தில் தமிழ்க் கல்விச்சேவை என்ற அமைப்பு நாடெங்கும் இத்தகைய வகுப்புகளை நடத்துகிறது, ஆண்டுதோறும் தேர்வும் வைக்கிறது. பெற்றோர் கட்டணம் செலுத்துகிறார்கள். வார நாள்களில் ஜெர்மனில் படித்துக் களைத்த பிள்ளைகள் சனிக்கிழமையும் எழுந்து வருகிறார்கள்.

ஒருநாள் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பதினோரு பிள்ளைகள். பாடப்புத்தகத்தில் பனைமரம், மாட்டு வண்டி, கிணறு. பிள்ளைகளின் முகத்தில் தூக்கம். அரை மணி நேரத்தில் மச்சாள் புத்தகத்தை மூடிவிட்டு, "போன கிழமை நீங்கள் செய்த ஒரு விசயத்தைத் தமிழில சொல்லுங்கோ, எனக்கு விளங்க வேணும்" என்றாள். வகுப்பு விழித்துக்கொண்டது. ஒரு பையன் தன் அண்ணனோடு மலையேறப் போனதைச் சொல்லத் தொடங்கி, நடுவில் ஒரு சொல்லுக்கு நின்றுவிட்டான். மலையில் பனி மொத்தமாகச் சரிந்து வருமே, அதற்குத் தமிழில் என்ன? 'பனிச்சரிவு' என்று மச்சாள் கரும்பலகையில் எழுதினாள். அந்தச் சொல்லை அவன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். பனைமரம் என்ற சொல்லைவிட அது அவனுக்குத் தேவையான சொல்.

வகுப்பு முடிந்து வரும்போது மச்சாளிடம் கேட்டேன், இந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் தமிழ் பேசுவார்களா என்று. அவள் பொய் சொல்லவில்லை. "இப்ப வீட்டில அம்மம்மா இருக்கிறா. அவவுக்கு ஜெர்மன் தெரியாது. அதால எங்கட வீட்டில தமிழ் இருக்கு. அவவுக்குப் பிறகு நாங்கள் புதுசா ஒரு காரணம் தேட வேணும்."

புதிதாக ஒரு காரணம் தேட வேண்டும் என்ற அந்தச் சொற்களைத்தான் நான் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தேன்.

தேக்காவின் ஞாயிற்றுக்கிழமை

சிங்கப்பூரில் தமிழுக்குக் காரணம் தேட வேண்டிய நிலை பள்ளிப் பருவத்தில் இல்லை. தாய்மொழி கட்டாயப் பாடம். தேர்வு இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, துணைப்பாட ஆசிரியர் இருக்கிறார். 1982இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டதோடு தமிழ்வழிக் கல்வி இங்கே முடிவுக்கு வந்தாலும், தமிழ்ப் பாடம் எல்லா மாணவருக்கும் எட்டும்படி அமைந்திருக்கிறது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது. ஒலி 96.8 இருக்கிறது, வசந்தம் இருக்கிறது. சுவிஸ் தமிழர்கள் இவற்றையெல்லாம் கேட்டால் கண்களை அகல விரிக்கிறார்கள். "ரயில் ஸ்டேசனிலயே தமிழ் எழுதியிருக்காமே, உண்மையோ?" என்று மாமி என்னிடம் இரண்டு தடவை கேட்டார். உண்மைதான் மாமி, 'லிட்டில் இந்தியா' என்று தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறது!

ஆனால், பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் நாளில் அந்தக் கட்டாயம் முடிந்துவிடுகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் முதன்முறையாகத் தமிழ் ஒரு விருப்பமாக மாறுவது அன்றுதான். அந்த வகையில் பல்கலைக்கழகம்தான் நம்முடைய சுவிட்சர்லாந்து.

அப்போது நாம் எங்கே போய்க் காரணம் தேடுவது? வெகுதூரம் போக வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவுக்குப் போய் நின்றால் போதும். ரேஸ் கோர்ஸ் சாலையிலும் சிராங்கூன் சாலையிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நிற்பார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். காதைக் கொடுத்துக் கேளுங்கள். பணம் அனுப்ப இன்று எந்தக் கடையில் நல்ல விலை, ஓவர்டைம் போட்டார்களா, தம்பிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததா, ஊரில் மழையா, வெங்காயம் என்ன விலை... மாமா அரோசாவில் பேசிய அதே பேச்சு. சிங்கப்பூரில் ஆக உயிரோட்டமான தமிழ் அந்த நடைபாதையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. நாமோ தீபாவளி ஒளியூட்டின்போது படம் எடுத்துக்கொள்ளவும், மேடை நிகழ்ச்சிக்கு ஜிப்பா வாங்கவும் அங்கே போகிறோம். அவர்கள் பேச்சைக் கடந்து போகிறோம்.

2020இல் கொவிட் தொற்று தொழிலாளர் விடுதிகளில் பரவியபோது என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். மூச்சு வாங்குகிறதா, எத்தனை நாளாய்க் காய்ச்சல், நெஞ்சில் வலி எந்தப் பக்கம் என்று தமிழிலும் வங்காளத்திலும் கேட்கத் தெரிந்தவர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அன்று தமிழ் தெரிந்திருப்பது பண்பாட்டுப் பெருமையாக இருக்கவில்லை. ஒரு மனிதனுக்குச் சரியான சிகிச்சை கிடைப்பது அதைப் பொறுத்திருந்தது.

நம் மேடைகளில் குறைவது எது?

இனி நம் பக்கம் வருவோம். பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகளின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகத் தெரியும். விவாதம் என்றால் 'தமிழ் வாழுமா, வீழுமா'. கவிதை என்றால் தமிழ்த்தாய். கட்டுரை என்றால் தமிழின் எதிர்காலம். தமிழில் தமிழைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். மேடையை விட்டு இறங்கியதும் ஒலிபெருக்கி வாடகை எவ்வளவு, நாற்காலியை யார் அடுக்குவது என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் பேசுகிறோம். ஒரு மொழிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை என்று நினைக்கிறேன். தன்னைத் தவிர வேறு எதையும் பேசத் தெரியாத மொழி வழிபாட்டுக்கு உரியதாகிவிடும். வாழ்க்கைக்கு உரியதாக இராது. (இக்கட்டுரையும் தமிழைப் பற்றித்தானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான்!)

விழாக்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரலில் நடைபெறும் தமிழ்மொழி விழா எத்தனையோ இளையர்களை மேடையேற்றியிருக்கிறது. அரங்கம் நிறைந்திருப்பதைப் பார்ப்பதே ஒரு தெம்பு. ஆனால், விழா ஆண்டுக்கொருமுறை வருவது. ஒலிபெருக்கி வாடகை வாரந்தோறும் வருவது.

சிலர் சொல்வார்கள்: "எங்கள் துறைச் சொற்கள் தமிழில் இல்லையே." கூர் நகரில் அந்தப் பையனுக்கும் பனிச்சரிவு என்ற சொல் தெரியாதுதான். கேட்டான், கிடைத்தது. கிடைக்காத சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு வாக்கியத்தைத் தமிழில் முடிக்கலாம். மலேசியாவில் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்க, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்பது விதி. எங்கள் பள்ளியில் அந்த எண்ணிக்கையைத் தட்டுத்தடுமாறித்தான் எட்டினோம். ஆனால், ஐந்தாண்டுகளும் என் தமிழைக் காப்பாற்றியது அந்த வகுப்பு மட்டும் இல்லை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாங்கள் ஏழு பேர் கணக்குப் பாடத்தை அலசியதுதான். சூத்திரத்தின் பெயர் மலாயில் இருக்கும், விளக்கம் தமிழில் நடக்கும். யாரும் அதைத் தமிழ்ப்பணி என்று சொல்லவில்லை.

வேறு சிலருக்குத் தயக்கம்: "நான் பேசினால் பிழை வரும், சிரிப்பார்கள்." இங்கேயும் ரொமான்ஷ் ஒரு பாடம் சொல்கிறது. அதில் பள்ளத்தாக்குக்கு ஒன்றாக ஐந்து எழுத்து வழக்குகள் உண்டு. அவற்றைப் பொதுமைப்படுத்தி 1982இல் ஹைன்ரிஷ் ஷ்மிட் என்ற அறிஞர் ஒரு பொது எழுத்துமொழியை வகுத்துக் கொடுத்தார். அலுவலகங்களுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. ஆனால், பாடப்புத்தகங்களையும் அதிலேயே அச்சிட முனைந்தபோது பல ஊர்களில் பெற்றோர் எதிர்த்தனர். எங்கள் வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லையே என்றார்கள். கடைசியில் வட்டார வழக்கிலும் பாடநூல் வந்தது. சிங்கப்பூரிலும் 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்கப் பரிந்துரைத்தது. இருந்தும் 'சரியான தமிழ்' என்ற அச்சம் நம்மை விட்டுப் போகவில்லை. மச்சாளின் தமிழ் வேறு, என் குளுவாங் தமிழ் வேறு, தேக்காவில் நிற்கும் புதுக்கோட்டைக்காரர் தமிழ் வேறு. மூவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வோம். அது போதும், பேசத் தொடங்க.

செய்யக்கூடியவை மூன்று

குறை சொல்லிவிட்டு முடிப்பது எளிது. ஆகவே, நம்மால் செய்யக்கூடிய மூன்றைச் சொல்லி முடிக்கிறேன். எதற்கும் பெரிய செலவில்லை.

முதலாவது, நம் செயற்குழுக் கூட்டங்களைத் தமிழில் நடத்துவோம். கூட்டக் குறிப்பும் தமிழில் இருக்கட்டும். முதல் மாதம் கூட்டம் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், பரவாயில்லை. வரவு செலவு, இட ஒதுக்கீடு, ஆதரவாளருக்கு எழுதும் கடிதம் ஆகியவற்றைத் தமிழில் செய்யப் பழகிய ஒருவர், பிற்காலத்தில் தம் வீட்டுக் காரியத்தையும் தமிழில் செய்வார்.

இரண்டாவது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் தமிழைப் பயன்படுத்துவோம். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் தொண்டு அமைப்புகள் இங்கே இருக்கின்றன. படிவம் நிரப்ப, மருத்துவச் சீட்டைப் படித்துச் சொல்ல, சம்பளக் கணக்கை விளங்கவைக்கத் தமிழ் தெரிந்தவர்கள் அவர்களுக்கு எப்போதும் தேவை. நாம் உதவி செய்யப் போகிறோம் என்ற நினைப்போடு போக வேண்டாம். நமக்கு வேண்டிய தமிழ் அவர்களிடம் இருக்கிறது.

மூன்றாவது, இந்த இதழைப் பற்றியது. அடுத்த ஆண்டு மலரில் பாதிக் கட்டுரைகள் தமிழைப் பற்றியதாக இல்லாமல் இருக்கட்டும். பொறியியல் மாணவர் பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுவது எப்படி என்று எழுதட்டும். தாதிமைத் துறையினர் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் தாத்தாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதட்டும். கணக்கியல் மாணவர் மத்திய சேமநிதிக் கணக்கைத் தம் பாட்டிக்கு விளக்குவது போல எழுதட்டும். முன்னாள் மாணவர்களாகிய நீங்களும் எழுதுங்கள். அலுவலகத்தில் நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையை, உங்கள் பெற்றோர் வாசித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் ஒரு முறை எழுதிப் பாருங்கள். "நீ ஆபீஸ்ல என்னதான் செய்யிற?" என்று அவர்கள் இத்தனை ஆண்டுகளாய்க் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்குப் பதிலாகவும் இருக்கும்.

என் துறை குடிசார் பொறியியல். மண்சரிவைத் தடுக்கும் சுவர்களைப் பற்றிய கட்டுரையை அடுத்த மலருக்காக இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன். மற்றப் பக்கங்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.